ஒரு குறுக்குக் கோடு, நானூறு கோடி வடிவங்கள்

ஒரு சதுரத் துணி. மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அடர்நிறம், அந்தப் பக்கம் வெளிர்நிறம். இப்படிப் பதினாறு சதுரங்களை எடுத்து, வரிசைக்கு நான்காக நான்கு வரிசை அடுக்குங்கள். எத்தனை விதமாக அடுக்கலாம்?

ஒவ்வொரு சதுரத்தையும் நான்கு திசைகளில் திருப்பி வைக்கலாம். இரண்டு சதுரம் என்றால் 16 வழிகள். நான்கு என்றால் 256. பதினாறு சதுரங்களுக்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வழிகள். நாளுக்கு ஒன்றாகத் தைத்தால், எல்லாவற்றையும் தைத்து முடிக்க ஒரு கோடியே 17 லட்சம் ஆண்டுகள் ஆகும். திருப்பிப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரிபவற்றைக் கழித்தாலும் 107 கோடிக்குக் குறையாது.

குவில்ட் தைப்பவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "புது டிசைனுக்கு எங்கே போவீர்கள்?" என்பது. பூக்கள், பழைய கட்டடங்களின் தரை ஓடுகள், ஜன்னல் கம்பிகள் என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், குவில்ட்டின் வரலாற்றைப் பார்த்தால் இன்னொரு ஊற்று தெரிகிறது. துணியும் ஊசியும் விதிக்கும் கட்டுப்பாடுகளே பெரும்பாலான வடிவங்களைப் பெற்றெடுத்திருக்கின்றன.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் ஊடுருவி ஓட்டுத் தையல் ஓடும். கதகதப்பைத் தருவது பஞ்சு இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று, தண்ணீர் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபத்துமூன்றில் ஒரு பங்கைத்தான் கடத்தும். தையல் இல்லாவிட்டால் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். நெருக்கித் தைத்தாலோ பஞ்சு அமுங்கி, காற்றுக்கு இடம் குறையும், போர்வை மெலியும். எனவே தையலின் இடைவெளி அழகுக்கான முடிவு மட்டுமல்ல.

அந்த இருநிறச் சதுரத்தைச் செய்யும் முறையிலேயே அறிவியல் இருக்கிறது. புதிதாகப் பழகுபவர் இரண்டு முக்கோணங்களை வெட்டி இணைக்கப் பார்ப்பார். அனுபவசாலி அப்படிச் செய்வதில்லை. இரண்டு நிறத்தில் இரண்டு முழுச்சதுரங்களை, நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்க அடுக்கி, குறுக்குக் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைப்பார். பிறகுதான் கோட்டில் வெட்டுவார். இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைத்துவிடும்.

ஏன் தைத்த பின் வெட்ட வேண்டும்? நெய்த துணியில் பாவு நூல் ஒரு திசை, ஊடை நூல் மறு திசை. இந்த இரண்டு திசைகளில் இழுத்தால் துணி அதிகம் நீளாது. நூலே நீண்டாக வேண்டும். குறுக்காக இழுத்தால் நூல் நீள வேண்டியதில்லை. நூல்களுக்கிடையே உள்ள நுண்சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகிவிடும். துணி தாராளமாக இழுபடும். கிராஸ் கட்டிங் ரவிக்கை உடலோடு பொருந்துவது இதனால்தான். ரவிக்கைக்கு வரமான அந்த நெகிழ்வு குவில்ட்டுக்குச் சாபம். குறுக்காக வெட்டிய விளிம்பு கைபட்டாலே நீண்டு, முக்கோணம் கோணலாகும். முதலில் தைத்துவிட்டால் தையல் அந்த விளிம்பைப் பிடித்து நிறுத்துகிறது.

அடுத்தது அளவு. தைத்து முடித்த சதுரம் மூன்று அங்குலம் வேண்டுமென்றால், தொடக்கச் சதுரத்தை மூன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் இன்னும் அரைக்கால் அங்குலம் சேர்த்து வெட்டு என்பது தலைமுறைகளாக வரும் சூத்திரம். அதாவது எட்டில் ஏழு பங்கு அங்குலம் கூடுதல். இது எங்கிருந்து வந்தது? முக்கோணத்தின் மூன்று பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். நேர்ப்பக்கங்களுக்குக் கணக்கு எளிது. குறுக்குப் பக்கத்துக்கு விடும்போது இரண்டின் வர்க்கமூலம் உள்ளே நுழைகிறது. துல்லியமாகக் கணக்கிட்டால் கூடுதல் அளவு 0.8536 அங்குலம். எட்டில் ஏழு என்பது 0.875. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் கூடுதல் பக்கமே இருப்பதால், கடைசியில் சீராக வெட்டிக்கொள்ளலாம். முடிவில்லாமல் நீளும் ஒரு விகிதமுறா எண்ணை, அளவுகோலில் பார்த்துவிடக்கூடிய ஒரு கோட்டில் அடக்கிவிட்டார்கள்.

துல்லியம் இங்கே வீண் பிடிவாதம் அல்ல. ஒரு வரிசையில் பதினாறு துண்டுகள் இருந்தால் பதினைந்து தையல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கத் துணியிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும். வரிசை மூன்று சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். பக்கத்து வரிசையோடு ஒரு மூலைகூடச் சேராது.

இந்த இருநிறச் சதுரத்தைப் பற்றி முதலில் கணக்கு எழுதியவர் தையற்காரர் அல்ல. பிரான்சைச் சேர்ந்த துறவி செபாஸ்டியன் ட்ரூஷே. ஓர்லேயான் கால்வாய்ப் பணிக்குப் போன இடத்தில், குறுக்காக இரு நிறம் பிரிந்த தரை ஓடுகளைப் பார்த்தார். இவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று யோசித்து, 1704இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கட்டுரை எழுதினார். கணித உலகில் இன்றும் அவை ட்ரூஷே ஓடுகள்தான்.

429 கோடியில் பெரும்பாலானவை கண்ணுக்கு வெறும் சிதறல். எதைத் தேர்ந்தெடுப்பது? சமச்சீரை ஒரு சல்லடையாகப் பிடித்துப் பார்க்கலாம். கால்வட்டம் சுழற்றினாலும் மாறாதிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், ஒரு மூலையில் உள்ள நான்கு சதுரங்களை வைத்தவுடன் மற்ற பன்னிரண்டும் தாமாக முடிவாகிவிடும். மிஞ்சுவது 256. இடவலம், மேல்கீழ், இரண்டு மூலைவிட்டங்கள் என எல்லாக் கண்ணாடிகளிலும் மாறாதிருக்க வேண்டும் என்றால் மிஞ்சுவது வெறும் 16. நானூறு கோடிக்கு மேலிருந்து பதினாறுக்கு இறங்கிவிட்டோம். நட்சத்திரம், வைரம், ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் என்று பழைய குவில்ட் புத்தகங்களின் பிரபல வடிவங்கள் பல இந்தச் சிறு கூட்டத்தில் இருக்கின்றன. காற்றாடி வடிவம் அந்த 256இல் இருக்கும், 16இல் இருக்காது. சுழற்சி உண்டு, கண்ணாடிப் பிம்பம் கிடையாது. அதனால்தான் அது சுற்றுவதுபோல் தோன்றுகிறது.

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பரவிய மரக்குடில் வடிவமும் அடிப்படையில் ட்ரூஷே ஓடுதான். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி மரக்கட்டைகள்போல நீண்ட பட்டைகள். ஒரு மூலைப் பாதிக்கு வெளிர் பட்டைகள், எதிர்ப் பாதிக்கு அடர் பட்டைகள். எல்லாச் சதுரங்களும் ஒரே மாதிரி. வைக்கும் திசையை மட்டும் மாற்றினால் வேறு வேறு போர்வைகள். சாய்வுப் பட்டைகளாக ஓடினால் அதற்குப் பெயர் நேர் உழவுச்சால். நடுவிலிருந்து வைர வளையங்களாக விரிந்தால், ஊர் கூடிக் களஞ்சியம் எழுப்பும் வழக்கத்தின் பெயர். தைத்தவர்கள் உழவர் வீட்டுப் பெண்கள். வடிவத்தைத் திசை தந்தது. பெயரை வயல் தந்தது.

இதெல்லாம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு துணிகளுக்கும் நிறம் வேறாக இருந்தால் போதாது. வெளிச்ச அளவு வேறாக இருக்க வேண்டும். நம் மூளை நுண்ணிய விளிம்புகளைப் பெரும்பாலும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்தே கண்டுபிடிக்கிறது. நிற வேறுபாடு மட்டும் இருந்தால் விளிம்பு குழைந்துவிடும். சிவப்பும் பச்சையும் கடையில் பளிச்சென்று பிரிந்து தெரியும். இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்றால், தைத்த பின் பத்தடி தள்ளி நின்று பார்க்கையில் நட்சத்திரம் காணாமல் போகும். இதற்கு எளிய சோதனை உண்டு. துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். படத்தில் பிரிந்து தெரியாதவை போர்வையிலும் பிரியாது.

முகம் தயாரானதும் இரண்டாவது வடிவம் தொடங்குகிறது. மூன்றடுக்கையும் பிணைக்கும் தையலின் பாதையே ஓர் ஓவியம். நூலை அறுக்காமல், போன கோட்டிலேயே திரும்பிப் போகாமல், முழுப் பரப்பையும் தைத்துவிட முடியுமா? 1736இல் லியோனார்ட் ஆய்லர், கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களை ஒரே நடையில் கடக்கும் புதிருக்கு அளித்த விடையே இதற்கும் விடை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் கூடும் சந்திகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது. நூலை அறுத்தாக வேண்டும். சிக்குக் கோலம் போடுபவர்கள் புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை இழுத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிப்பதும் இதே சிக்கலை வெல்லும் வித்தைதான். கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தால் விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். குவில்ட் தைப்பவர்களிடையே இன்னொரு தப்பும் வழியும் உண்டு: தன்னைத் தானே எங்கும் வெட்டாமல் நெளிந்து நெளிந்து இடத்தை நிரப்பும் ஒரே கோடு. சந்தியே இல்லாவிட்டால் சந்திப் பிரச்சினையும் இல்லை.

இதுவரை சொன்னவை ஒழுங்கின் வழி. பற்றாக்குறையின் வழி வேறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். ஒரு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அங்கே குளிருக்குப் போர்வை வேண்டும். கடைத்துணிக்குக் காசு இல்லை. கிழிந்த வேலை உடைகள்தான் கச்சாப்பொருள். கால்சட்டைக் கால்கள் நீளமானவை என்பதால் நீளப்பட்டைகள் வந்தன. வெயிலில் வெளுத்த நீலத்தில் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் அடர்நீலச் சதுரமாக நின்றது. எந்தச் சாயப்பட்டறையும் தர முடியாத நிறப்பொருத்தம். 1942இல் மிசூரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்வதற்காக. சதுரங்களும் பட்டைகளும் எங்கும் சரியாக நேர்கோட்டில் நிற்பதில்லை. ஆனால் எதையும் ஓர் அங்குலம் நகர்த்தத் தோன்றாது. 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இவ்வூர்ப் போர்வைகள் கண்காட்சிக்கு வந்தபோது, நவீன ஓவியத்தைப் பார்க்கும் கண்களோடு விமர்சகர்கள் அவற்றைப் பார்த்தார்கள். 2006இல் அவை அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன.

தைக்கும் வரிசையே வடிவமாவதும் உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின் வழியினர். அவர்கள் தைக்கும் கவண்டி என்ற போர்வையில் சதுரக் கட்டங்கள் இல்லை. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து ஓட்டுத் தையலால் பிடித்துக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவார்கள். சுற்று சுற்றாக உள்நோக்கி நகர்ந்து நடுவில் முடிப்பார்கள். இணைப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடும். கடைசியில் தெரியும் ஒன்றுக்குள் ஒன்றான சதுரங்களை யாரும் வரைந்து வைக்கவில்லை. அவை கை நடந்த தடம்.

பொழுதுபோக்காகத் துண்டுகளை வெட்டி அடுக்கும் ஆசை, கணிதத்துக்கும் புதியவற்றைக் கொடுத்திருக்கிறது. ஒருபோதும் சீராகத் திரும்ப வராத வடிவில் மட்டுமே தளத்தை நிரப்பக்கூடிய ஓடுகள் உண்டா என்ற கேள்விக்கு, 1966இல் ராபர்ட் பெர்கர் 20,426 வகை ஓடுகள் கொண்ட தொகுப்பை விடையாகத் தந்தார். 1970களில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டு வகைக்குக் குறைத்தார். ஒரே வகை போதுமா? அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியவில்லை. 2022 நவம்பரில், இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் ஊரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், கணிதப் பட்டம் எதுவும் இல்லாத ஓய்வுபெற்ற அச்சகத் தொழில்நுட்பர், வடிவங்களோடு விளையாடும்போது பதின்மூன்று பக்கம் கொண்ட ஒன்றைக் கண்டார். அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு எங்கும் வரவில்லை. கனடாவின் கிரெய்க் கப்லான் உள்ளிட்ட மூவருடன் சேர்ந்து 2023 மார்ச்சில் நிரூபணத்தை வெளியிட்டார். வடிவத்துக்குப் பெயர், தொப்பி. அதைக் கண்டவுடன் குவில்ட் ஆர்வலர்கள் துணியை எடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் துணி ஒரு கேள்வி கேட்டது. தொப்பிகளால் தளத்தை நிரப்பும்போது சில தொப்பிகள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி இருந்தாக வேண்டும். ஏறத்தாழ ஏழு நேர்த் தொப்பிகளுக்கு ஒரு திரும்பிய தொப்பி. காகிதத்தைத் திருப்பிப் போடுவது பெரிய காரியமில்லை. அச்சிட்ட துணிக்கோ நல்ல பக்கம் ஒன்றுதான்; திருப்பினால் வெளிறிய பின்பக்கம் தெரியும். ஆகவே இரண்டு அச்சு வைத்து வெட்ட வேண்டும். அப்படியானால் இது உண்மையில் ஒரே வடிவமா, இரண்டா? கணிதர்களும் இதையே கேட்டார்கள். அதே நால்வர் 2023 மே மாதத்தில் இன்னொரு வடிவத்தோடு வந்தார்கள். பக்கங்களைச் சற்று வளைத்துவிட்ட அந்த ஓடு, தன் கண்ணாடிப் பிம்பத்தின் உதவியே இல்லாமல் தளத்தை நிரப்புகிறது. அப்போதும் சீராகத் திரும்ப வருவதில்லை.

வளைந்த விளிம்பை அளந்து தைப்பது ஊசிக்காரருக்குக் கடினமான வேலை. ஆனால் ஒரே அச்சு, ஒரே பக்கம், எத்தனை பெரிய போர்வைக்கும் போதும். அதற்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணிதம் இன்னும் தைப்பவரிடமே விட்டுவைத்திருக்கிறது.