பிள்ளையின் இரத்தம் ஏன் கொழும்புக்குப் போகிறது?

கொட்டகலைக் கடைவீதியானாலும் தோட்ட லயமானாலும், பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்த தடிப்புகள் வந்தால், 'வெறும் சூடுதான்' என்று இருந்துவிடாதீர்கள் சகோதரிகளே! ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அங்கே இரத்தம் எடுத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

ஏன்? வந்தது சின்னமுத்தா, ருபெல்லாவா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆனால் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் இருக்கும். 'ஐ.ஜி.எம்.' வகை இருந்தால் நோய் புதிது. 'ஐ.ஜி.ஜி.' மட்டும் இருந்தால், முன்பு வந்த நோயின் அல்லது போட்ட தடுப்பூசியின் அடையாளம். பல ஊர்களில், பல வயதினரிடம் இப்படிப் பார்த்தால் யாருக்குப் பாதுகாப்பு இல்லை என்பது தெரிந்துவிடும்.

ருபெல்லா பிள்ளைக்குச் சிறு நோய்தான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தாலோ சிசுவின் கண், காது, இருதயம் பாதிக்கப்படலாம். அதனால்தான் இலங்கையில் 1996 இல் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2020 இல் இந்நோய் இங்கு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால், 2019 இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023 இல் திரும்பி வந்துவிட்டதே!

எனவே இரத்தம் எடுக்க மறுக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பரிசோதனை, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியின் சிசுவையும் காக்கும். கர்ப்பகாலத்தில் இந்த ஊசி போடுவதில்லை. பெண்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் திருமணத்துக்கு முன்பே எடுத்துப் பாருங்கள்.