வைப்புத் தொகையா, பங்குத் தொகையா?

கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு பத்திரத்தை நீட்டினார். "ஹஜ்ரத், இதில் வட்டி என்ற சொல்லே கிடையாது. இலாபப் பங்கு என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதமாக ஒன்றும் வரவில்லை. யாரிடம் போய் முறையிடுவது?" என்றார். வாங்கிப் பார்த்தோம். வட்டி என்ற சொல் இல்லைதான். வைப்புத் தொகை என்ற சொல்லும் இல்லை. இந்த இரண்டாவது இன்மையை அவர் கவனித்திருக்கவில்லை.

அமெரிக்காவில் பெரும் முதலீட்டு மோசடிகளில் கூட்டாட்சி அரசின் வழக்கறிஞர்களே குற்ற வழக்குத் தொடுக்கின்றனர். பெர்னார்டு மேடாஃபுக்கு 2009இல் 150 ஆண்டுச் சிறை விதித்ததும் கூட்டாட்சி நீதிமன்றமே. நம் நாட்டில் இப்பணி பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. பங்குச் சந்தைக்கு செபி உண்டு. பொதுமக்களின் வைப்புத் தொகைக்கோ மாநில அரசும் காவல் நிற்கிறது.

அதற்கு வழிகாட்டியது தமிழகமே. 1990களில் நிதி நிறுவனங்கள் பல சரிந்தபோது, முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. மோசடி செய்தவரைச் சிறையிலடைப்பதற்குப் பொதுக் குற்றவியல் சட்டமே போதும். ஏமாந்தவர் கைக்குப் பணம் திரும்ப அது போதாது. புதிய சட்டம் பத்தாண்டு வரை சிறை விதித்ததோடு, நிறுவனத்தின் சொத்தையும், அது போதாதபோது அதை நடத்தியோரின் சொத்தையும் முடக்கி, தனி நீதிமன்றத்தின் வழியே பகிர்ந்தளிக்க வகை செய்தது.

வங்கியும் கம்பெனியும் பங்குச் சந்தையும் மத்திய அரசின் பட்டியலில் இருக்க, மாநிலம் எவ்வாறு சட்டமியற்றலாம் என்ற வினா எழுந்தது. மகாராஷ்டிரத்தின் இத்தகைய சட்டத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 2005இல் செல்லாதென்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2007இல் தமிழகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. கே.கே.பாஸ்கரன் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சென்னையின் கருத்தையே ஏற்றது. பின்னர் 2019இல் நாடாளுமன்றமும் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்தது.

இங்கேதான் நண்பரின் பத்திரம் குறுக்கிடுகிறது. கூட்டாளிகள் இடும் மூலதனம் வைப்புத் தொகை ஆகாது என 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களிக்கிறது. பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் முதலீடு' எனச் சொல்லித் திரட்டிய பணத்துக்கு, மக்களைக் கூட்டாளிகளாகவே பதிவு செய்துகொண்டது. 2019இல் அது சரிந்தபோது பாதிக்கப்பட்டோர் பல்லாயிரவர்; பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். அந்நிறுவனத்துக்குச் சாதகமாக அறிக்கை தரக் கையூட்டுப் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் வருவாய்த்துறை அலுவலர் ஒருவரும் அவ்வாண்டே கைதானார். கர்நாடக அரசின் இசைவுடன் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

ஃபிக்ஹு நூல்களை ஓதிக்கொடுக்கும் நமக்கு இதில் ஒரு வேதனை உண்டு. முளாரபாவில் மாதம் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே உறுதி செய்வது கூடாது. நட்டம் வந்தால் மூலதனம் இட்டவரே ஏற்க வேண்டும். ஆக, நிலையான வருவாயை வாக்களித்துவிட்டு முளாரபா என்று பெயர் சூட்டியவர், மார்க்கத்தின் விதியையும் மீறினார். சட்டத்தின் காவலிலிருந்தும் நம் மக்களைப் பெயர்த்தெடுத்தார். நிறுவனத்தை மேடையேறிப் பாராட்டும் ஆலிம்கள் அதன் ஒப்பந்தத்தை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டாமா?

எனினும் பெயர் ஒன்றே முடிவன்று. 63 மூன்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரச் சட்டத்தில் வரும் 'வைப்பு' என்ற சொல்லுக்கு மிக விரிந்த பொருளே கொண்டது. பண்டச் சந்தை ஒன்றின் வழியே நடந்த கொடுக்கல் வாங்கலும் அதனுள் அடங்கிற்று.

ஆதலால் நண்பரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மனு எழுதச் சொன்னோம். அவருடைய வங்கிப் பாஸ் புத்தகத்தில் பதினான்கு மாதங்கள் ஒரே தேதியில் ஒரே தொகை வரவாகியிருந்தது. இலாபம் என்றால் ஒரு மாதமாவது கூடிக் குறைந்திருக்கும். அந்தப் பக்கங்களைப் படியெடுத்து மனுவோடு இணைத்திருக்கிறார்.