இரண்டு பல் இல்லாத சக்கரம்

தேனிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். மலைப்பாதையில் அரைமணி நேரம் ஏறியதும் ஓட்டத்திலேயே அணைந்துவிடுகிறது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றுவதில்லை. ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள், பி0335 என்று எரர் வந்தது, கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் பழைய கதை. இன்னொரு சென்சார். மறுபடியும் அதே. “அந்தச் சென்சார் அப்படி என்னதான் செய்கிறது? கட்டைவிரல் அளவுச் சாமான் போனால் வண்டி மொத்தமும் ஏன் கட்டையாகிவிடுகிறது?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். எப்போது பொறி, எப்போது எவ்வளவு பெட்ரோல், பம்ப் ஓடலாமா என்ற மூன்றையும் தீர்மானிப்பது எஞ்சின் கணினி. எஞ்சின் சுற்றுகிறது என்று அதற்குத் தெரிவிப்பது பிரதானமாக இந்தச் சென்சார்தான். செய்தி வராவிட்டால் எஞ்சின் நின்றுவிட்டதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். நின்ற எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்புவது ஆபத்து. விபத்தில் நசுங்கிய வண்டியை நினைத்துப் பாருங்கள். அதனால் மூன்றையும் சேர்த்தே நிறுத்திவிடும். பொறி இல்லை என்று பார்த்தவர் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கிறார், பெட்ரோல் வரவில்லை என்று பார்த்தவர் பம்பைக் கழற்றுகிறார். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதில் கொஞ்சம் தங்குகிறேன்.

கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புப் பல்சக்கரம். கிராங்கின் முனையில் இருக்கலாம், பிளைவீலை ஒட்டி இருக்கலாம். ஏராளமான கார்களில் அதில் 58 பற்கள் இருக்கும். வெட்டும்போது 60-க்கு அளந்துவிட்டு, இரண்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பல்லுக்குப் பல் 6 பாகை. எல்லாப் பல்லும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன. அப்படியானால் எது முதல் பல்? எதிலும் அடையாளம் கிடையாது. இரண்டு பல் இல்லாத வெற்றிடம்தான் அடையாளம். அதைத் தாண்டி வருவது ஒன்று.

திருவிழாவில் சுற்றும் குதிரை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாக 60 குதிரைக்கு இடம், இரண்டு குதிரை இல்லை. பக்கத்தில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு குதிரையும் கடக்கும்போது முகத்தில் படும் காற்று மட்டுமே அவருக்குத் தெரியும். பதினைந்தாவது குதிரை வரும் கணத்தில் அவர் ஒரு வெடி கொளுத்த வேண்டும். காற்று நின்று போகும் இடத்துக்காகக் காத்திருந்து, அடுத்த குதிரையிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ராட்டினத்தை நான்கு பேர் முறைவைத்துத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் வேகம் கூடும், அடுத்தவர் கை வைக்கும் முன் குறையும். ஆகவே இத்தனை நொடி காற்று வரவில்லையென்றால் வெற்றிடம் என்று அவரால் கணக்கு வைக்க முடியாது. முந்தைய குதிரைக்கும் இதற்கும் இடையே போன நேரத்தை ஒப்பிடத்தான் முடியும். முன்னது ஒரு பங்கு, இது மூன்று பங்கு என்றால் நடுவில் இரண்டு குதிரை இல்லை. எஞ்சின் கணினி செய்வது அச்சாக இதே வகுத்தல்தான்.

உவமையை இன்னும் இழுக்கலாம், தாங்கும். ராட்டினம் ஆமை வேகத்தில் நகர்ந்தால் காற்றே படாது. பேட்டரி இறங்கிய வண்டியில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும்போது சிக்னல் போதாமல் போவது இதுதான். ஒரு குதிரையின் தலை உடைந்திருந்தால் அதன் காற்று மெலிந்து, அவர் அதைத் தவறவிட்டு, எண்ணிக்கையே குழம்பும். பக்கத்தில் யாராவது மின்விசிறி போட்டால் இல்லாத குதிரையை எண்ணுவார். இக்னிஷன் கம்பியிலிருந்து சென்சார் கம்பிக்குள் ஏறும் இரைச்சல் அது. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தள்ளுகிறவர்களில் மூன்றாவது ஆள் சோர்ந்துவிட்டால், அவர் முறைக்குப் பிறகு வரும் குதிரைகள் சற்றே தாமதமாகும். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பவர் யாரையும் பார்க்காமலே “மூன்றாவது ஆள் தள்ளவில்லை” என்று சொல்லிவிடலாம். எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதைக் கார்கள் பெரும்பாலும் இந்தத் தாமதத்தை அளந்துதான் கண்டுபிடிக்கின்றன.

இனி அந்தக் காற்றைப் பார்ப்போம். பழைய, எளிய வகைச் சென்சாரில் ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பிச் சுருள், அவ்வளவுதான். பல்லுக்கும் சென்சார் முனைக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர். பல் நெருங்கும்போது சுருளில் காந்தப்பாயம் கூடும், விலகும்போது குறையும். பாயம் மாறினால்தான் மின்னழுத்தம் உண்டு என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் பல் சென்சாருக்கு நேர் எதிரே வந்து நிற்கும் கணத்தில் என்ன நடக்கும்? பாயம் உச்சத்தில் இருக்கிறது. உச்சத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எனவே மின்னழுத்தம் சுழி. கணினி பிடித்துக்கொள்வது அந்தச் சுழியைத்தான்.

இது எவ்வளவு அழகான தேர்வு என்பதற்கு ஒரு கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று. முழு வேகத்தில் 6,000. அலையின் உயரம் வேகத்தோடு கூடுவதால், ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம். இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினாலும் உயரம் மாறும், சூடேறினாலும் மாறும். உயரத்தை நம்பி எதையும் அளக்க முடியாது. அலை சுழியைக் கடக்கும் இடமோ இதற்கெல்லாம் அசைவதில்லை, பல்லின் நடுவோடு ஒட்டியே நிற்கிறது. 6,000 சுற்றில் ஒரு பாகை கடக்க 28 மைக்ரோநொடிதான். அந்தத் துல்லியத்தை ஒரு காந்தமும் கொஞ்சம் கம்பியும் தருகின்றன. சக்கரத்தில் 60 இடம் வைத்ததால் வேறொரு வசதியும் கிடைக்கிறது: நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, நொடிக்கு அத்தனை பல்லிடம்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். ஃபாரடே 1831-இல் கண்டது, எட்வின் ஹால் 1879-இல் கண்டது ஆகிய இரண்டு விளைவுகள்தான் சுருள் வகை, ஹால் வகை என்ற இன்றைய இரண்டு வகைச் சென்சாருக்கும் வேர். பல்சக்கரத்தைக் காந்தச் சுருள் முன் சுழற்றி இசை எழுப்பிய ஹேமண்ட் ஆர்கன் 1935-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எரிபொருள், பொறி இரண்டையும் ஒரே கணினியிடம் ஒப்படைத்த பாஷ் மோட்ரானிக், 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. நம் ஊர் பைக் மெக்கானிக்குகள் பல்சர் காயில் என்று சொல்வதும் இதே குடும்பம்தான்.

ஹால் வகைச் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று கம்பி. அதன் அலை சதுரமாக இருக்கும், வேகம் எதுவானாலும் ஒரே உயரம். அதற்கு ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

வாசகரின் பட்டறைக்கு வருவோம். பி0335 என்றால் கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார், கம்பிகள், கப்ளர்கள், கணினியின் உள்வாசல் எல்லாம் சேர்ந்தது; எதிரே சுற்றும் சக்கரமும் கணக்கில் உண்டு. போனில் செருகினால் கோளாறைத் துல்லியமாகச் சொல்லும், செயற்கை நுண்ணறிவே பழுது பார்த்துவிடும் என்றெல்லாம் இப்போது விளம்பரங்கள் வருகின்றன. அவற்றை நான் நம்பவில்லை, காரணமும் இருக்கிறது. ஸ்கேனர் தருவது கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பவரின் வாக்குமூலம். அவருக்குக் காற்று தெரியவில்லை என்பது உண்மைதான். காற்று அடிக்கவில்லையா, அடித்தும் அவரை எட்டவில்லையா என்பதை அவரிடமே கேட்டுப் பயனில்லை. எத்தனை புத்திசாலி மென்பொருளை மேலே ஏற்றினாலும் அது அவர் சொன்னதை வைத்துத்தான் ஊகிக்கும்.

சிக்னலையே பார்க்க வேண்டும். அதற்குக் கருவி ஆசிலோஸ்கோப். கையடக்கமானது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 58 பல்லில் ஒன்று வளைந்திருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அலைவடிவத்தில் அது உடனே கண்ணில் படும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஓர் அலை மட்டும் குட்டையாக இருந்தால் பழி சக்கரத்தின்மேல், எத்தனை சென்சார் மாற்றினாலும் அது போகாது. சுற்றுக்கு ஒருமுறை அலைகள் மெல்லப் பெருத்துச் சிறுத்தால் சக்கரம் ஆடுகிறது. எல்லா அலையும் ஒரேபோலக் குட்டை என்றால் இடைவெளி அதிகம், அல்லது காந்தமுனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கிறது. நன்றாக வந்துகொண்டிருந்த அலை சட்டென்று நேர்கோடானால் எங்கோ தொடர்பு அறுகிறது.

இன்னொரு கோளாறைச் சொல்லாமல் விட மனமில்லை. வயரிங் வேலை பார்த்தவர் சுருள் வகைச் சென்சாரின் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அலை தலைகீழாகிவிடும். கணினி பல்லின் நடுவைப் பிடிப்பதற்குப் பதில், பல்லுக்குப் பல் நடுவே உள்ள பள்ளத்தின் மையத்தைப் பிடிக்கும். வெற்றிடத்தின் மையமும் ஒரு பள்ளம்தானே? அதனால் மூன்று பங்காக வர வேண்டிய ஒரே இடைவெளி, இரண்டு பங்கு, இன்னொரு இரண்டு பங்கு என்று பிளந்துவிடும். பேப்பரில் வரைந்து பாருங்கள், புரியும். கணினி மூன்றைத் தேடிக்கொண்டே இருக்கும். ஓம்ஸ் சரியாக இருக்கும், வோல்ட் சரியாக இருக்கும், வண்டி மட்டும் சரியாக ஓடாது.

இனி வாசகருக்கு. இரண்டு சென்சார் அடுத்தடுத்து அதே விதமாகச் செத்தது என்று நம்பாதீர்கள். தரமான உதிரிதான் மாட்டினார்கள் என்றால், சூட்டில் விலகி ஆறியதும் ஒட்டிக்கொள்கிற ஓர் இணைப்பைத் தேடுங்கள். சைலன்சர் குழாய் அருகே போகிற வயரிங், இறுக்கமாக வளைகிற இடம், கப்ளருக்குள் தளர்ந்த பின். ஆறிய வண்டியில் பட்டறையில் அளந்து எல்லாம் சரி என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அளக்க வேண்டியது வண்டி அணைந்து கிடக்கும் நேரத்தில்.

அடுத்தமுறை அணையும்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனக்கும், முதலில் பத்திரமாக ஓரங்கட்டுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் படீரென்று பூஜ்யத்தில் விழுந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கையில் முள் அப்படி விழுந்திருந்தால் போனது சிக்னல். பிறகு ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் பாருங்கள். 200 ஒட்டிக் காட்டினால் அந்த நேரத்தில் சிக்னல் வருகிறது, பம்ப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். சூட்டில் மக்கர் செய்யும் பம்பும் இதே வேஷம் போடும். பூஜ்யம் என்றால் மெக்கானிக்கிடம் ஸ்கோப்பை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், சென்சார் கப்ளரில் ஒன்று, கணினிக் கப்ளரில் ஒன்று. முன்னதில் அலை இருந்து பின்னதில் இல்லையென்றால் நடுவே உள்ள கம்பி. இரண்டிலும் இல்லையென்றால் மட்டுமே மூன்றாவது சென்சாருக்குப் பணம் கொடுங்கள். பல கார்களில் புதுச் சென்சார் மாட்டியதும், அந்தச் சக்கரத்தின் நுண்ணிய பிசகுகளைக் கணினிக்கு ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்றும் கேளுங்கள். இத்தனையும் எஞ்சின் ஆறுவதற்குள் முடிய வேண்டும். டீயைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.