பாலைக் காற்றில் தண்ணீர் பிடிக்கலாமா?

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைகளில் வேனிலேயே தங்கிப் பயணிப்பவர்களுக்குக் காற்றிலிருந்து நீர் எடுக்கும் கருவி வரமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் மயக்கம் தெளியும். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 8 கிராம் நீராவிதான் இருக்கும். அது துளியாக வேண்டுமானால் காற்றை 9 டிகிரிக்கும் கீழே குளிர்விக்க வேண்டும். தவிர, ஒரு லிட்டர் நீர் திரளும்போது வெளிப்படும் ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தையும் கருவிதான் வெளியே தள்ளியாக வேண்டும்.

சூரியத் தகடு இலவச மின்சாரம் தருமே என்பார்கள். 200 வாட் தகடு நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் ஒரு யூனிட் தரும். அதில் பெரும்பங்கை வேனின் ஃபிரிட்ஜே விழுங்கிவிடும். கடலோரப் புழுக்கத்தில் கருவி நன்றாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் குழாய்த் தண்ணீரே கிடைக்குமே! ஐம்பது கிலோ சுமை என்றாலும், 50 லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்புவதே என் தேர்வு.