பார்வேர்ட் செய்திடும் முன் ஒரு நிமிடம்

திருச்சி பாலக்கரையில் நண்பர் ஒருவர் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். வாட்ஸ்அப் வெப் தளத்தில் அவருடைய போனை இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். காவிரியில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாள் காலையிலேயே போன் செய்தார். "முக்கொம்புல ஷட்டர் அடிச்சிக்கிட்டுப் போகுதாம் சார், வீடியோ வந்திருக்கு. ஸ்ரீரங்கத்துல இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். பயந்துபோய் துணிமணியை எடுத்து வச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

வீடியோ பொய்யில்லை, பழசு. 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் இருந்த 45 ஷட்டர்களில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதன் பிறகு அங்கே புதிய கதவணையே கட்டி முடித்துவிட்டார்கள். நண்பர் பார்த்ததோ பழைய அணை.

புதிதாக இன்டர்நெட்டுக்கு வருபவர்கள், பொய்ச் செய்தி என்றால் முழுவதும் கற்பனையாக இருக்கும் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. படம் உண்மையாக இருக்கும். தேதியோ ஊரோ மாறியிருக்கும்.

கேரள யானையை நினைத்துப் பாருங்கள். 2020 மே 27 அன்று, வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்தது. படத்தைப் பார்த்து நாடே கலங்கியது. கலங்கியதில் தவறில்லை. ஆனால் சம்பவம் நடந்தது பாலக்காடு மாவட்டத்தில். பரவிய செய்திகள் பலவற்றில் மலப்புரம் என்றிருந்தது. அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு அந்த மாவட்டத்து மக்களையே திட்டித் தீர்த்தார்கள். யானைக்காக வந்த கண்ணீர் இரண்டே நாளில் அரசியலாகிவிட்டது. வெடி இருந்தது அன்னாசிப்பழத்தில் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். விசாரணையில் தேங்காய் என்று தெரியவந்தது.

இதெல்லாம் வெறும் சண்டை என்று விட்டுவிடலாம். உயிரே போயிருக்கிறது. 2018 மே மாதம், வடமாநிலத்தார் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தி பரவியது. 9ந் தேதி, சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர் உறவினர்களுடன் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நிறுத்தியபோது அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்தார். அந்த ஆண்டு இந்தியாவில் சுற்றிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று, உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப், பார்வேர்ட் ஆன செய்திக்கு அடையாளம் போட ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

சோதித்துப் பார்க்கும் வேலை போனைவிடக் கம்ப்யூட்டரில் சுலபம். படத்தை டவுண்லோட் செய்திடுங்கள். பிரவுசரில் கூகுள் இமேஜஸ் தளத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் உள்ள கேமரா ஐகானைக் கிளிக் செய்து, அந்தப் பைலைக் கொடுங்கள். அதே படம் முன்பு எங்கெங்கு வந்தது என்று காட்டும். முடிவுகளில் தேதியைப் பாருங்கள். சில வருடங்களுக்கு முந்தைய தேதி ஒன்று தெரிந்தாலே போதும், விஷயம் புரிந்துவிடும். 2008லிருந்து இயங்கும் டின்ஐ தளத்தில், மிகப் பழையது முதலில் வரும்படி முடிவுகளை வரிசைப்படுத்தலாம்.

வீடியோ என்றால், தெளிவான ஓர் இடத்தில் நிறுத்தி, பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, கண்ட்ரோல் மற்றும் வி கீகளைச் சேர்த்து அழுத்தினால் படம் வந்துவிடும். சேவ் செய்து, மேலே சொன்னபடி தேடுங்கள். வெறும் எழுத்தாக வந்த செய்திக்கு, அதில் உள்ள ஊர்ப் பெயரையும் இரண்டு முக்கியச் சொற்களையும் டைப் செய்து தேடினால், நாளிதழ்களில் வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நண்பருக்கு இதைப் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். பெயிண்டைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆயிற்று. தேடல் முடிவில் 2018 என்று பார்த்ததும், "தங்கச்சிக்கு உடனே போன் போடுறேன்" என்று என் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.