பல் எக்ஸ்ரே: பிலிமா, டிஜிட்டலா?

பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னவுடன், பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே டிஜிட்டல்தானே? அதில் கதிர்வீச்சு இல்லையல்லவா?"

இந்தக் கேள்வியின் பின்னே இருக்கும் எண்ணம் சில வேளைகளில் தீங்கும் விளைவிக்கிறது. ஒரு தாய் தம் எட்டு வயது மகனை எங்களிடம் அழைத்து வந்தார். கன்னம் வீங்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. வீட்டருகே இருந்த பல் மருத்துவர் முதல் நாளே எக்ஸ்ரே எடுக்கலாம் என்றிருக்கிறார். அங்கே பிலிம் முறைதான் இருந்தது. "பிலிம் என்றால் கதிர் மிகுதி, டிஜிட்டல் என்றால் கதிரே இல்லை" என்று யாரோ சொன்னதை நம்பி அவர் காத்திருந்துவிட்டார். அதற்குள் பால் கடைவாய்ப்பல்லின் வேரடியில் சீழ் கட்டி, எலும்பும் அரிக்கத் தொடங்கியிருந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது அந்த மூன்று வாரத் தாமதமே.

கதிர் ஒன்றே, ஏற்கும் பொருள் வேறு

இரு முறைகளிலும் கதிரை வெளியிடும் கருவி ஒன்றே. கன்னத்தருகே வைக்கப்படும் குழாயிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிர், பல்லையும் எலும்பையும் ஊடுருவி வாய்க்குள் இருக்கும் ஏற்பியை அடைகிறது. அந்த ஏற்பி பிலிமா, மின்னணுப் பொருளா என்பதே வேறுபாடு. ஆகவே கதிரே இல்லாத டிஜிட்டல் எக்ஸ்ரே என்று ஒன்று இல்லை.

வில்லெம் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடங்கள் கதிரின் முன் இருக்க வேண்டியிருந்தது. இன்று அதே படத்திற்கு ஒரு நொடியின் சிறு பகுதி போதும்.

பிலிம் முறை

சிறிய உறையினுள் இருக்கும் பிலிமின் மேல் வெள்ளி உப்புத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. கதிர் பட்ட துகள்கள் டெவலப்பர் என்னும் கரைசலில் கருமையாகின்றன. பிக்சர் என்னும் கரைசல் படத்தை நிலைநிறுத்துகிறது. பின்னர் கழுவி உலர்த்த வேண்டும். கரைசல் பழையதானாலோ, அதன் வெப்பநிலை மாறினாலோ படம் மங்கிவிடும். சரியாகக் கழுவாத பிலிம் சில ஆண்டுகளில் பழுப்பேறும். உறையிலுள்ள ஈயத் தகட்டையும் வெள்ளி கலந்த கழிவுக் கரைசலையும் குப்பையிலோ சாக்கடையிலோ விடலாகாது.

ஆயினும் பிலிமைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நன்கு கழுவப்பட்ட பிலிம் மிக நுண்ணிய விவரங்களையும் காட்டும். மெல்லியதாக இருப்பதால் வாய்க்குள் உறுத்தலும் குறைவு.

டிஜிட்டல் முறை

இதில் இரு வகைகள் உள்ளன. முதலாவது சென்சார். கம்பியுடன் கணினியில் இணைந்திருக்கும் இக்கருவியில் படம் சில நொடிகளில் திரையில் தோன்றும். வேர் சிகிச்சையின் நடுவே, கருவி வேரின் நுனியை எட்டியதா என்று உடனே அறிய இது பெரிதும் உதவுகிறது. ஆனால் சென்சார் தடிமனானது, வளையாதது. குமட்டல் உணர்வு மிகுந்தவர்களுக்கும் சிறு வாயுடைய குழந்தைகளுக்கும் சற்றுத் தொல்லை தரும்.

இரண்டாவது பாஸ்பர் தகடு. இது பிலிமைப் போலவே மெல்லியது. கதிர் பட்ட பின் லேசர் கருவியில் இட்டுப் படமாக மாற்றப்படுகிறது. சிறிது நேரம் பிடிக்கும். மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால் கீறல் விழ வாய்ப்புண்டு.

திரையில் படத்தைப் பெரிதாக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எனினும் பற்களுக்கிடையே உள்ள சொத்தையைக் கண்டறிவதில் இரு முறைகளும் பெரும்பாலும் சமமானவை. தொடக்க நிலைச் சொத்தை இரண்டிலுமே தப்பிவிடலாம். எனவே கண்ணால் பார்க்கும் பரிசோதனைக்கு எக்ஸ்ரே துணையாகுமேயன்றி மாற்றாகாது.

கதிரின் அளவு

மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து நாம் அனைவரும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறோம். நாளொன்றுக்கு இது 6 முதல் 7 மைக்ரோசீவர்ட். வாய்க்குள் எடுக்கும் ஒரு சிறு பல் எக்ஸ்ரேயின் அளவு ஏறக்குறைய 1 முதல் 8 மைக்ரோசீவர்ட் வரை. அதாவது இயற்கை ஒரு நாளில் தருவதை ஒத்தது.

பிலிமிலும் வகைகள் உண்டு. பழைய டி வேகப் பிலிமுக்குத் தேவைப்படும் கதிரில் பாதிக்கும் குறைவே எஃப் வேகப் பிலிமுக்குப் போதும். டி வேகத்தோடு ஒப்பிட்டால் டிஜிட்டலால் கதிர் வெகுவாகக் குறைகிறது. எஃப் வேகத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே. கதிர்க்கற்றையை வட்டமாக விடாமல் ஏற்பியின் அளவுக்குச் செவ்வகமாகக் குறுக்கினால், எம்முறையிலும் கதிரை ஏறக்குறைய பாதியாக்கலாம்.

டிஜிட்டலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. படம் உடனே தெரிவதால், "சரியாக விழவில்லை, இன்னொன்று எடுப்போம்" என்று தோன்றுவது எளிது. இரண்டு மூன்று முறை எடுத்தால் மிச்சப்படுத்திய கதிர் அங்கேயே செலவாகிவிடும். எங்களுக்கும் இது பொருந்தும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• இந்தப் படம் எதற்காக, இதனால் சிகிச்சையில் என்ன முடிவாகும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

• முன்பு எடுத்த பிலிம்களை உலர்ந்த உறையில், தேதியுடன் பாதுகாத்து எடுத்து வாருங்கள். அவை செல்லாக் காசு அல்ல. எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பழைய படமே சொல்லும். புதிய படம் தேவைப்படாமலும் போகலாம்.

• டிஜிட்டல் படத்தின் மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நுண்விவரங்கள் குறைந்துவிடும்.

• கருவுற்றிருந்தால், அல்லது அவ்வாறு ஐயம் இருந்தால், முன்னரே தெரிவியுங்கள். அவசரத் தேவையெனில் தகுந்த பாதுகாப்புடன் அப்போதும் எடுக்க முடியும்.

• படம் எடுக்கும் அந்த ஒரு நொடி அசையாதிருங்கள். குமட்டல் வந்தால் மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். மறுமுறை எடுப்பதைத் தவிர்க்க இதுவே சிறந்த வழி.

நம் நாட்டில் பல் எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். கருவி முறையாகப் பேணப்பட்டு, படம் உண்மையாகவே தேவைப்பட்டால், பிலிமா டிஜிட்டலா என்பது இரண்டாவது கேள்விதான். வீங்கிய கன்னத்துடன் காத்திருக்க வேண்டாம். அருகில் எந்த முறை இருக்கிறதோ அதில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை எங்களிடம் கொண்டு வந்தாலும் மகிழ்வுடன் பார்ப்போம்.