காற்றாலை வரும் பின்னே, லாரிகள் வரும் முன்னே

கொச்சி: குஜராத், தமிழகக் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் திறனில் காற்றாலைகள் அமைக்க, ரூ.7,453 கோடியிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. இதில் ரூ.600 கோடி இரு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. இறக்கைகளும் கோபுரங்களும் கடல் வழியே செல்லும் என்பதால் சாலைக்குப் பாதிப்பில்லை என்று கருதிவிட்டனர் போலும். அறிவிப்பில் சாலைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால், துறைமுகத்தை விரிவாக்கத் தேவைப்படும் கருங்கல்லும் சிமெண்டும் இரும்பும் லாரியில்தான் வந்தாக வேண்டும்.

துறைமுகத்தை முதலில் கட்டிவிட்டுச் சாலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் என்ன நேரும்? விடை தேடுவோர் கொச்சிக்கு வரலாம். எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் வருவோருக்கு வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சத கிரேன்கள் வடக்கே தென்படும். 2005 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே 2011 பிப்ரவரியில் அதைத் திறந்தும் வைத்தார். களமசேரியிலிருந்து முனையத்துக்கு வரும் 17 கி.மீ. நான்கு வழிச் சாலையின் பணிகள் அப்போது முடிந்திருக்கவில்லை. லாரிகளுக்குப் போதிய நிறுத்துமிடமும் இல்லை. விளைவு, சாலையோரமே நிறுத்துமிடமானது. இருளில் நின்றிருந்த லாரிகள் மீது இரு சக்கர வாகனங்கள் மோதி உயிர்கள் போயின.

அந்தச் சாலைக்கும் ரயில் பாதைக்குமாக வெளியேற்றப்பட்டவை 316 குடும்பங்கள். 2008 பிப்ரவரி 6-ம் தேதி மூலம்பிள்ளியில் போலீஸ் பாதுகாப்புடன் வீடுகள் இடிக்கப்பட்டன. மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டதோ அடுத்த மாதம்தான். மாற்று நிலம் என்று தரப்பட்டவற்றில் பல சதுப்பு நிலங்கள். வீடு கட்ட இயலாமல் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளில் காலம் தள்ளின.

நிலத்தில் அமையும் காற்றாலைகளின் நிலை இன்னும் விசித்திரமானது. சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவைப்படும் திட்டங்களைப் பட்டியலிட்ட 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலைகள் இல்லை. புகையில்லா மின்சாரம் என்பதால் அளிக்கப்பட்ட சலுகை. புகை இல்லை என்பது உண்மைதான். புழுதியும் இல்லை என்று யார் சொன்னது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காற்றாலையின் அடித்தளத்துக்கு 500 கன மீட்டர் கான்கிரீட் தேவை என்றும், கலவை லாரி ஒன்று 6 கன மீட்டர் ஏற்றும் என்றும் கொண்டால் 84 நடைகள். போக வர 168. அடித்தளத்தை இடைவெளியின்றி ஒரே மூச்சில் வார்க்க வேண்டும் என்பதால், இத்தனையும் ஏறக்குறைய ஒரே நாளில், இரவும் சேர்த்து, ஒரு கிராமச் சாலையில் ஓடும். இருபது காற்றாலைகள் என்றால் கான்கிரீட்டுக்கு மட்டும் 1,680 நடைகள். ஜல்லி, மணல், கம்பி, கிரேன் ஆகியவை தனி. இப்போதைய இறக்கைகள் சில 70 மீட்டருக்கும் அதிக நீளமுள்ளவை. அவற்றைச் சுமக்கும் வாகனம் திரும்புவதற்காக வளைவுகள் அகலப்படுத்தப்படும், மரங்கள் வெட்டப்படும், மின்கம்பிகள் அவிழ்க்கப்படும்.

மலைப் பகுதியில் பாதிப்பு இன்னும் கடுமை. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழு, புணே மாவட்டம் பீமாசங்கர் அருகே அமைந்த காற்றாலைத் திட்டத்தைப் பற்றி 2011-ம் ஆண்டு அறிக்கையில் எழுதியுள்ளது. கனரக எந்திரங்களைக் கொண்டுசெல்ல மலையைக் குடைந்து அமைத்த சாலைகளால் நிலச்சரிவு ஏற்பட்டு, இடிபாடுகள் ஓடைகளிலும் விளைநிலங்களிலும் சேர்ந்தன. கேடு காற்றாலையால் வந்ததைவிடச் சாலையால் வந்ததே அதிகம்.

பிரிட்டனில் காற்றாலைக்கு அனுமதி கோரும்போதே, எந்த வழியில் எத்தனை வாகனங்கள், எந்தெந்த நேரத்தில் வரும், எந்தப் பாலம் தாங்கும் என்ற ஆய்வைத் தருவது வழக்கம். இங்கோ, அளவில் பெரிய சரக்குக்குத் தனி அனுமதி வாங்கினால் போதும். அந்த அனுமதி ஒரு வாகனத்தின் நீள, அகலத்தைப் பார்க்குமே தவிர, ஓராண்டில் ஓடும் லாரிகளின் மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எரிசக்தித் துறை ஓர் அமைச்சகத்திடம், நெடுஞ்சாலை வேறொன்றிடம், கிராமச் சாலை மாநிலத்திடம். ஊராட்சித் தலைவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

நாடாளுமன்றத்தில் காற்றாலை பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மெகாவாட்டிலும் மானியத்திலும் முடிந்துவிடுகின்றன. துறைமுகப் பணிக்கு டெண்டர் கோருவதற்கு முன்பே, எத்தனை நடை, எந்தச் சாலை, பள்ளி நேரத்தில் ஓட்டம் நிறுத்தப்படுமா, பழுதாகும் சாலையைச் செப்பனிடும் செலவு யாருடையது என்று கடலோரத் தொகுதிகளின் எம்.பி.க்கள் எழுத்துமூலம் பதில் கோரலாம். வல்லார்பாடத்தில் அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் இருந்தன; சாலையை முடிக்க அதுவும் போதவில்லை.